க்ளையண்ட்டின் பிராண்டுக்கு ஏற்ப வேர்ட்பிரஸ் அட்மினை மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

"அட்மினை எங்க கடை மாதிரி ஆக்கிக் கொடுங்க" என்று க்ளையண்ட் கேட்டதும் (அட்மின் என்பது தளத்தை நிர்வகிக்க லாகின் செய்து உள்ளே போகும் பகுதி), புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் லாகின் பக்கத்தில் லோகோவைப் போடுவார்கள். அடுத்து மெனுவுக்குக் கலர் அடிப்பார்கள். இரண்டுமே பின்னால் வர வேண்டிய வேலைகள். யார் உள்ளே வரப்போகிறார்கள், அவர்கள் கண்ணில் எது பட வேண்டும், எது படக் கூடாது என்பது முடிவாகாமல் கலர் அடித்தால், மெனு மாறும்போதெல்லாம் அதையும் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஆகவே முதலில் ஆட்கள், பிறகு கழித்தல், அதற்குப் பிறகுதான் லோகோவும் நிறமும்.

உதாரணத்துக்கு தி.நகரில் ஒரு பட்டுச்சேலைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடையின் நிறம் மெரூனும் தங்கமும். வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ் ஓடுகிறது, ஆன்லைன் கடை நடத்த உதவும் ப்ளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அது. உள்ளே வருபவர்கள்: முதலாளி, அவர் மகன், ஆன்லைன் ஆர்டர் பார்க்கும் இரண்டு பெண்கள், சேலைப் படம் எடுத்து ஏற்றும் ஒரு பையன்.

நம் குறியீட்டை மாட்டிக்கொள்ள வேர்ட்பிரஸ் விட்டிருக்கும் இடம்தான் ஹூக். ஒரு மதிப்பை மாற்றித் திருப்பி அனுப்ப உதவும் ஹூக் ஃபில்டர். இந்தப் பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். குறியீட்டில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

லோகோவில் இருந்து ஆரம்பிக்கலாம். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். அது சுருங்கி, ஓரமெல்லாம் பிசிறடித்து, பின்னணி வெள்ளையாக இருக்கும். "விசிட்டிங் கார்டு அடிச்ச பிரஸ்ல ஒரிஜினல் ஃபைல் இருக்கும், அதை வாங்கிக் கொடுங்க சார்" என்று கேளுங்கள். பிரஸ்ஸில் அநேகமாக கோரல்டிரா கோப்புதான் இருக்கும். பிடிஎஃப் அல்லது எஸ்விஜியாக எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்கள் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் மறுபடி சுருங்கிவிடும். அச்சுக்கான கோப்பு சிஎம்ஒய்கே நிறத்தில் இருக்கும் என்பதால் திரைக்கான ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றினால் மெரூன் கொஞ்சம் வெளுக்கலாம், தங்கம் மண் நிறமாகலாம். மாற்றிய நிறத்தைக் க்ளையண்ட்டிடம் காட்டி, எண்ணோடு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விசிட்டிங் கார்டைப் போனில் படமெடுத்து அதிலிருந்து நிறம் எடுக்கும் பழக்கம் வேண்டாம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு எண்ணும், வெயிலில் வேறு எண்ணும் வரும்.

லோகோ இரண்டு வடிவத்தில் தேவை. அகலமானது லாகின் பக்கத்துக்கு. சதுரமானது சைட் ஐகானுக்கு, 512-க்கு 512 பிக்சல். கடைப் பெயர் முழுவதையும் சதுரத்துக்குள் அடைத்தால் பிரவுசர் டேப்பில் ஒரு எழுத்தும் தெரியாது. சின்னம் மட்டும் போதும், சின்னம் இல்லையென்றால் முதல் எழுத்து.

இரண்டாவது, எஃப்டிபி (சர்வரில் உள்ள கோப்புகளை வெளியிலிருந்து கையாளும் வழி) அல்லது ஹோஸ்டிங் ஃபைல் மேனேஜர் அனுமதி. அட்மின் பாஸ்வேர்டு மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடக் கூடாது. நாம் எழுதும் கோப்பில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் தளம் முழுவதும் நின்றுவிடும். 2019-ல் 5.2 பதிப்போடு வந்த ரெகவரி மோட் (பழுதானதை நிறுத்திவிட்டு அட்மினுக்குள் விடும் வசதி) சாதாரண ப்ளகினையும், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமையும்தான் நிறுத்திவைக்கும். நாம் கோப்பை வைக்கப்போகும் இடம் அதன் கைக்கு எட்டாது. கோப்பின் பெயரை மாற்றிக் காப்பாற்ற வெளியிலிருந்து ஒரு வழி வேண்டும்.

மூன்றாவது, ஸ்டேஜிங் நகலும் (சோதித்துப் பார்க்கத் தளத்தின் தனிப் பிரதி) அன்றைய பேக்கப்பும். ஆர்டர் வந்துகொண்டிருக்கும் தளத்தில் நேரடியாகச் சோதிக்காதீர்கள்.

நான்காவதைத்தான் யாரும் கேட்பதில்லை. உள்ளே வரும் ஒவ்வொருவரும் ஒரு நாளில் என்ன செய்கிறார்கள் என்ற பட்டியல். கடைக்குப் போய் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலாளி சொல்வது ஒன்றாக இருக்கும், பில்லிங் பக்கத்தில் இருப்பவர் உண்மையில் செய்வது வேறாக இருக்கும்.

2. குறியீட்டை எங்கே வைப்பது

வேர்ட்பிரஸ்ஸின் சொந்தக் கோப்புகளைத் தொடவே கூடாது. அடுத்த அப்டேட்டில் எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பும் சரியான இடமில்லை. தீபாவளிக்குப் புது தீம் போட்டால் லாகின் லோகோ முதல் மெனு வரை எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். சைல்டு தீமில் (ஒரு தீமின் மேல் நம் மாற்றங்களை வைக்கும் துணைத் தீம்) வைத்தாலும் இதே கதைதான்.

சாதாரண ப்ளகினாக எழுதலாம். ஆனால் தளம் மெதுவாக இருக்கிறது என்று யாராவது எல்லா ப்ளகினையும் டீஆக்டிவேட் செய்தால் இதுவும் சேர்ந்து அணைந்துவிடும். அதனால் நான் பரிந்துரைப்பது எம்யூ-ப்ளகின்ஸ் என்ற கோப்புறை. டபிள்யூபி-கன்டென்ட் கோப்புறைக்குள் நீங்களே உருவாக்க வேண்டும், தானாக இருக்காது. அதில் போடும் பிஎச்பி கோப்பு தானே இயங்கும், ப்ளகின் திரையிலிருந்து அதை அணைக்க முடியாது.

இங்கே பலர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: கோப்பை ஒரு துணைக் கோப்புறைக்குள் வைத்துவிட்டு "வேலையே செய்யல" என்பார்கள். வேர்ட்பிரஸ் அந்தக் கோப்புறையின் முதல் மட்டத்தில் உள்ள பிஎச்பி கோப்புகளை மட்டுமே படிக்கும். முதன்மைக் கோப்பு வெளியே இருக்கட்டும். சிஎஸ்எஸ் (தோற்றத்தை அமைக்கும் கோப்பு), படங்கள் எல்லாம் துணைக் கோப்புறையில் இருக்கலாம்.

குறியீடே வேண்டாம், தயாரான ப்ளகின் போதும் என்றால் அட்மின் மெனு எடிட்டர், வைட் லேபிள் சிஎம்எஸ் போன்றவை இருக்கின்றன. ஒரே ஒரு தளம், சின்ன மாற்றம் என்றால் அவை போதும். ஐந்தாறு க்ளையண்ட்டுக்கு இதையே செய்யப்போகிறீர்கள் என்றால் சொந்தக் கோப்புதான் லாபம். லோகோவும் நிறமும் மாறும், மற்றதெல்லாம் அப்படியே எடுத்துப் போடலாம்.

3. ஆட்களுக்கு ரோல் பிரிப்பது

எல்லோருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துவிட்டு மெனுவை மட்டும் மறைப்பது நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு. மெனுவை மறைத்தால் லிங்க்தான் போகும், கதவு திறந்தே இருக்கும். முகவரியை நேரடியாக அடித்தால் பக்கம் வந்துவிடும். கதவைப் பூட்டுவது ரோலும் (பயனரின் பொறுப்பு), கேப்பபிலிட்டியும்தான் (அந்தப் பொறுப்புக்கு உள்ள தனித்தனி அனுமதி).

வூகாமர்ஸ் தரும் ஷாப் மேனேஜர் ரோல் பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். அந்த ரோலுக்கு வூகாமர்ஸ் செட்டிங்ஸ் முழுவதும் திறக்கும். பேமெண்ட் பக்கமும் அதில் அடக்கம். வங்கிக் கணக்கு விவரத்தை மாற்றும் அதிகாரம் ஆர்டர் பார்ப்பவருக்கு எதற்கு? அதை முதலாளியின் மகனுக்குக் கொடுங்கள். ஆர்டர் பார்ப்பவர்களுக்கு ஷாப் மேனேஜரை நகலெடுத்து, அதில் மேனேஜ்_வூகாமர்ஸ் என்ற கேப்பபிலிட்டியை நீக்கிய ஒரு புது ரோல் செய்யுங்கள்.

படம் ஏற்றும் பையனுக்கு இன்னும் குறைவு: சேலை சேர்ப்பது, திருத்துவது, வெளியிடுவது, படம் ஏற்றுவது. இந்த அளவு மட்டும் கொடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். அவர் லாகின் செய்ததும் அட்மினுக்குப் போகாமல் வாடிக்கையாளரின் "மை அக்கவுண்ட்" பக்கத்துக்குத் தள்ளப்படுவார். பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து ரீசெட் செய்துகொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. எடிட்_போஸ்ட்ஸ், மேனேஜ்_வூகாமர்ஸ், வியூ_அட்மின்_டாஷ்போர்டு மூன்றில் ஒன்றுகூட இல்லாதவரை வூகாமர்ஸ் அட்மினுக்குள் விடாது. மூன்றாவதைக் கொடுத்தால் போதும். அதோடு அசைன்_ப்ராடக்ட்_டெர்ம்ஸையும் சேருங்கள். அது இல்லையென்றால் சேலையைச் சேர்க்க முடியும், "காஞ்சிபுரம்", "ஆரணி" என்ற வகைகளில் டிக் போட முடியாது.

ரோலை உருவாக்கும் ஆட்_ரோல் கட்டளை தரவுத்தளத்தில் எழுதிவைக்கும் என்பதை மறக்காதீர்கள். அந்தப் பெயரில் ரோல் ஏற்கனவே இருந்தால் இரண்டாம் முறை அது எதையும் செய்யாது. குறியீட்டில் கேப்பபிலிட்டியைச் சேர்த்துவிட்டு, எத்தனை முறை ரீஃப்ரெஷ் செய்தாலும் மாறவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காரணம் இதுதான். எம்யூ-ப்ளகினுக்கு ஆக்டிவேஷன் ஹூக்கும் கிடையாது. எனவே ஒரு ஆப்ஷனில் ரோலின் பதிப்பு எண்ணைச் சேமித்துவைத்து, குறியீட்டில் உள்ள எண் அதிகமாக இருந்தால் மட்டும் பழைய ரோலை நீக்கிப் புதிதாக எழுதும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு கணக்கு. ஆர்டர் பார்க்கும் இருவருக்கும் ஒரே லாகின் கொடுத்தால், எந்த ஆர்டரை யார் கேன்சல் செய்தார்கள் என்ற பஞ்சாயத்து உங்களிடம்தான் வரும்.

4. தேவையில்லாததைக் கழிப்பது

ரோல் சரியானதும் பாதி மெனு தானாகவே மறைந்திருக்கும். மிச்சத்தை ரிமூவ்_மெனு_பேஜ் கொண்டு எடுங்கள். கமெண்ட்ஸ், டூல்ஸ் இரண்டும் கடைத் தளத்தில் யாருக்கும் தேவைப்படாது. இதை அட்மின்_மெனு ஹூக்கில், 999 போன்ற பெரிய ப்ரையாரிட்டி (ஓடும் வரிசை, சிறிய எண் முதலில்) எண்ணோடு மாட்டுங்கள். ப்ளகின்கள் தங்கள் மெனுவை வழக்கமாக 10-ல் சேர்க்கும். அவை சேர்ப்பதற்கு முன்பே நீங்கள் நீக்கினால் நீக்க அங்கே எதுவும் இருக்காது. பிறகு அவை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டாஷ்போர்டில் இருக்கும் வேர்ட்பிரஸ் செய்திப் பெட்டி, அவசரக் குறிப்புப் பெட்டி, சைட் ஹெல்த், வரவேற்புப் பலகை எல்லாவற்றையும் டபிள்யூபி_டாஷ்போர்டு_செட்டப் ஹூக்கில் எடுத்துவிடலாம். வரவேற்புப் பலகை மற்றவை போல மெட்டா பாக்ஸ் (திரையில் சேர்க்கப்படும் தனிப் பெட்டி) அல்ல, அதற்கு ரிமூவ்_ஆக்‌ஷன் வேண்டும்.

அறிவிப்புகள் விஷயத்தில் கை நீள வேண்டாம். எல்லா நோட்டீஸையும் சிஎஸ்எஸ்ஸில் மறைத்துவிடும் குறியீடுகள் இணையத்தில் நிறையக் கிடைக்கும். அதைப் போட்டால் "சேமிக்கப்பட்டது", "பிழை" என்ற செய்திகளும் சேர்ந்து மறைந்துவிடும். சேமித்தோமா இல்லையா என்று தெரியாமல் சேமி பட்டனை நாலு முறை அழுத்துவார்கள். கடை ஊழியர்களுக்கு எரிச்சல் தருவது ஒன்றுதான்: புதுப் பதிப்பு வந்திருக்கிறது, அட்மினிடம் சொல்லுங்கள் என்ற வரி. அப்டேட்_நாக் என்ற செயல்பாட்டை அட்மின்_நோட்டீசஸ் ஹூக்கிலிருந்து நீக்கினால் அது போய்விடும். நீக்கும்போது ப்ரையாரிட்டி 3 என்று கொடுக்க வேண்டும், ஏனென்றால் வேர்ட்பிரஸ் அதைச் சேர்த்திருப்பது 3-ல். எண் பொருந்தாவிட்டால் நீங்காது. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு மட்டும் அது தெரியட்டும்.

முதலாளி கணக்கிலிருந்து ப்ளகின், தீம் கோப்புகளைத் திருத்தும் எடிட்டரை மறைக்க, டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் டிஸ்அலவ்_ஃபைல்_எடிட் மாறிலியை ட்ரூ ஆக்குங்கள். (மாறிலியின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்.) பாதுகாப்புக்கும் நல்லது.

5. காலியான டாஷ்போர்டில் என்ன வைப்பது

டபிள்யூபி_ஆட்_டாஷ்போர்டு_விட்ஜெட் கொண்டு ஒரே ஒரு பெட்டி போதும். அதில் மூன்று பெரிய பட்டன்: "புதுச் சேலை சேர்க்க", "இன்றைய ஆர்டர்கள்", "பேனர் மாற்ற". கீழே ஏதாவது சிக்கல் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற வரி. உங்கள் பர்சனல் நம்பரைப் போடாதீர்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கும் அழைப்பு வரும்.

ஆர்டர் பார்ப்பவர்களுக்கு டாஷ்போர்டே தேவையில்லை. லாகின்_ரீடைரக்ட் ஃபில்டரில் ரோலைப் பார்த்து நேராக ஆர்டர் பக்கத்துக்கு அனுப்பிவிடலாம். இந்த ஃபில்டர் மூன்று தகவல்களைத் தரும், மூன்றாவதுதான் பயனர். ஆட்_ஃபில்டரில் கடைசியாக 3 என்று குறிப்பிடாவிட்டால் அது வந்து சேராது. பாஸ்வேர்டு தவறாக இருக்கும்போது அந்த இடத்தில் பயனருக்குப் பதிலாகப் பிழைப் பொருள் வரும். ரோலைப் பார்க்கும் முன் வந்தது பயனர்தானா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

6. லாகின் பக்கம்

இப்போது லோகோ. லாகின்_என்க்யூ_ஸ்கிரிப்ட்ஸ் ஹூக்கில் உங்கள் சிஎஸ்எஸ் கோப்பை ஏற்றுங்கள். வேர்ட்பிரஸ் சின்னம் ஒரு பின்னணிப் படம்; அதன் அளவு 84-க்கு 84 பிக்சல். அகலமான கடை லோகோவை அப்படியே அங்கே போட்டால் நசுங்கித் தெரியும் அல்லது வெட்டுப்படும். லாகின் படிவத்தின் அகலம் 320 பிக்சல். லோகோ இருக்கும் லிங்க்கின் அகலத்தை அதே 320 ஆக்கி, உயரத்தை லோகோவின் விகிதத்துக்கு ஏற்பக் கொடுத்து, பின்னணி அளவைக் கன்டெய்ன் என்று வையுங்கள். படத்தை 640 பிக்சல் அகலத்தில் செய்தால் நல்ல போன் திரைகளிலும் கூர்மையாக இருக்கும்.

படத்தோடு நிறுத்திவிடுவது அடுத்த தவறு. லோகோவைத் தட்டினால் இன்னமும் வேர்ட்பிரஸ் தளத்துக்குத்தான் போகும். லாகின்_ஹெடர்யூஆர்எல் ஃபில்டரில் கடையின் முகப்புப் பக்கத்தைக் கொடுங்கள். லாகின்_ஹெடர்டெக்ஸ்ட் ஃபில்டரில் கடைப் பெயர். திரையில் தெரியாவிட்டாலும் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். பழைய குறிப்புகளில் லாகின்_ஹெடர்டைட்டில் என்று இருக்கும், 5.2-லிருந்து அது கைவிடப்பட்டுவிட்டது.

2022 ஜனவரியில் வந்த 5.9 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி நிறுவியிருந்தால் லாகின் பக்கத்தின் கீழே மொழிப் பெட்டி ஒன்று தெரியும். வேண்டாமென்றால் லாகின்_டிஸ்ப்ளே_லாங்குவேஜ்_ட்ராப்டவுன் ஃபில்டரில் ஃபால்ஸ் கொடுங்கள்.

பட்டன் நிறத்தை இங்கே தனியாக மாற்றியாக வேண்டும். அடுத்த படியில் செய்யப்போகும் கலர் ஸ்கீம் ஒவ்வொரு பயனரின் விருப்பத்தோடு கட்டப்பட்டது. லாகின் பக்கத்தில் இன்னும் பயனரே இல்லை. உள்ளே மெரூன், வெளியே வேர்ட்பிரஸ் நீலம் என்று நிற்கும் தளங்களில் விட்டுப்போனது இந்த ஒரு வரிதான்.

லாகின் பக்கத்தின் பின்னணியில் முழுத் திரைக்குக் கல்யாணப் பெண் படம் கேட்பார்கள். தவிர்க்கப் பாருங்கள். தினமும் பத்து முறை திறக்கும் பக்கம், கடையின் நெட்டும் மெதுவாக இருக்கலாம். வெளிர் நிறப் பின்னணி, நடுவில் லோகோ, அழகாகத்தான் இருக்கும்.

7. நிறம்

வேர்ட்பிரஸ்ஸில் புதுக் கலர் ஸ்கீம் சேர்க்க டபிள்யூபி_அட்மின்_சிஎஸ்எஸ்_கலர் இருக்கிறது, அட்மின்_இனிட் ஹூக்கில் கூப்பிட வேண்டும். அதற்கான சிஎஸ்எஸ்ஸைக் கையால் எழுதத் தேவையில்லை. டபிள்யூபி-அட்மினுக்குள் சிஎஸ்எஸ், அதற்குள் கலர்ஸ் கோப்புறையில் வேர்ட்பிரஸ்ஸின் சொந்த சாஸ் (மாறிகள் வைத்து எழுதி, கம்பைல் செய்து சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் மொழி) கோப்புகள் இருக்கின்றன. உங்கள் கணினிக்கு நகலெடுத்து, அடிப்படை நிறம், ஐகான் நிறம், ஹைலைட், அறிவிப்பு நிறம் என நான்கு மாறிகளை மாற்றி கம்பைல் செய்தால் முழு ஸ்கீமும் வந்துவிடும். தனித்தனி செலக்டராகத் தேடித் தேடி நிறம் மாற்றுபவர்கள் மவுஸ் மேலே போகும் நிலை, திறந்திருக்கும் துணை மெனு, மொபைல் மெனு என்று ஒவ்வொன்றாக விட்டுவிடுவார்கள்.

எந்த நிறத்தை எந்த மாறியில் வைப்பது என்பதில்தான் கண்ணும் கணக்கும் வேண்டும். பிராண்டில் தங்கம் இருக்கிறதே என்று அதை ஹைலைட்டில் போடுவார்கள். ஹைலைட் நிறம்தான் முக்கியப் பட்டனின் பின்னணி, அதன் மேல் எழுத்து வெள்ளை. ஆர்ஜிபி 212, 175, 55 என்ற தங்க நிறத்துக்கும் வெள்ளைக்கும் கான்ட்ராஸ்ட் விகிதம் ஏறத்தாழ 2.1 தான். டபிள்யூசிஏஜி (எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் இருக்க வேண்டும் என்ற) விதிகளின் ஏஏ மட்டத்துக்குச் சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். வெயில் அடிக்கும் கண்ணாடிக் கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு "அப்டேட்" என்ற எழுத்தே தெரியாது.

மாற்றிப் போடுங்கள். அடிப்படை நிறம் ஆழ்ந்த மெரூன், 80, 0, 0. அதன் மேல் தங்க நிற ஐகான் என்றால் விகிதம் 7-க்கு மேல் வருகிறது. ஹைலைட் கொஞ்சம் வெளிச்சமான மெரூன், 160, 32, 48. அதன் மேல் வெள்ளை எழுத்தும் 7-க்கு மேல். தங்கம் ஐகானிலும் மெல்லிய கோட்டிலும் மட்டும் இருக்கட்டும். பட்டுச்சேலையில் ஜரிகை எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவு போதும்.

சிவப்புச் சாயல் பிராண்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. வேர்ட்பிரஸ்ஸில் நீக்குவதற்கான லிங்க்குகள் சிவப்பு. பக்கத்தின் எல்லா லிங்க்கையும் மெரூன் ஆக்கினால் "திருத்து", "குப்பைக்கு அனுப்பு" இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் மெனு, டூல்பார், பட்டன் வரை பிராண்ட் நிறம். நடுப்பகுதியில் உள்ள லிங்க்குகள் நீலமாகவே இருக்கட்டும். அறிவிப்புக் குமிழுக்கும் சிவப்பு வேண்டாம், மெரூன் மெனுவில் கரைந்துபோகும். அடர் பச்சை நன்றாகப் பிரிந்து தெரியும். "எங்க கலர் இல்லையே" என்று முதலாளி கேட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டுங்கள். ஒத்துக்கொள்வார்.

ஸ்கீமைச் சேர்த்தால் மட்டும் யாருக்கும் மாறாது. ஒவ்வொரு கணக்கிலும் ஏற்கனவே ஒரு ஸ்கீம் பதிவாகியிருக்கும். கெட்_யூசர்_ஆப்ஷன்_அட்மின்_கலர் ஃபில்டரில் உங்கள் ஸ்கீமின் பெயரைத் திருப்பி அனுப்பினால் எல்லோருக்கும் ஒன்றே வரும். ப்ரொஃபைல் பக்கத்தில் இருக்கும் கலர் தேர்வையும் எடுத்துவிடுங்கள். தேர்ந்தெடுத்தும் மாறாத ஒரு தேர்வு அங்கே இருந்தால் குழப்பம்தான்.

சிஎஸ்எஸ் கோப்பை ஏற்றும்போது பதிப்பு எண்ணாகக் கோப்பு மாறிய நேரத்தையே கொடுங்கள், பிஎச்பியின் ஃபைல்எம்டைம் அதைத் தரும். இல்லையென்றால் உங்கள் மடிக்கணினியில் புது நிறமும், முதலாளியின் போனில் பழைய நிறமும் ஒரு வாரம் ஓடும்.

8. டூல்பார், அடிவரி, டேப் தலைப்பு

டூல்பாரில் இடது மூலையில் இருக்கும் டபிள்யூ சின்னத்தின் ஐடி டபிள்யூபி-லோகோ. அட்மின்_பார்_மெனு ஹூக்கில் ரிமூவ்_நோட் கொண்டு எடுத்துவிடுங்கள், இங்கேயும் 999. அடிவரிக்கு அட்மின்_ஃபுட்டர்_டெக்ஸ்ட், வலது ஓரப் பதிப்பு எண்ணுக்கு அப்டேட்_ஃபுட்டர். டேப் தலைப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் வேர்ட்பிரஸ் என்ற பெயருக்கு அட்மின்_டைட்டில், லாகின் பக்கத்துக்கு லாகின்_டைட்டில்.

லாகின் செய்துவிட்டுக் கடையின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் டூல்பார் மட்டும் கறுப்பாகவே நிற்கும். கலர் ஸ்கீம் அட்மினுக்குள் மட்டுமே வேலை செய்யும். டூல்பாருக்கான நாலு வரி சிஎஸ்எஸ்ஸை வெளிப்பக்கத்திலும், டூல்பார் தெரிபவர்களுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

பெயரை மறைப்பது சரியா என்று சிலருக்குத் தயக்கம் வரும். வேர்ட்பிரஸ் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவது, திரையில் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. கோப்புகளுக்குள் இருக்கும் காப்புரிமை வரிகளை அழிக்காதீர்கள். "நாங்களே உருவாக்கிய சிஎம்எஸ்" என்று கொட்டேஷனில் எழுதுவதும் கூடாது, அது பொய்.

9. எடிட்டர்

2020-ல் வந்த 5.4 முதல், பதிவும் பக்கமும் எழுதும் பிளாக் எடிட்டர் முழுத்திரையில் திறக்கிறது. மேல் இடது மூலையில் மறுபடி அந்த டபிள்யூ. இதற்குக் குறியீடே வேண்டாம், சைட் ஐகான் வைத்தால் அதுவே அங்கே வந்து உட்காரும். பல பேர் இதற்காக சிஎஸ்எஸ்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு எழுதுபவர் தேர்ந்தெடுக்கும் நிறங்களையும் கட்டுப்படுத்துங்கள். தீமின் அமைப்புகள் இருக்கும் தீம் ஜேசன் கோப்பில் கலர் பேலட்டாகக் கடையின் ஐந்தாறு நிறங்களைக் கொடுத்து, கஸ்டம் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் போதும். இல்லையென்றால் தீபாவளிப் பக்கம் ரோஸ் நிறத்தில் வரும். இந்த ஒன்று மட்டும் தீமோடு போவது, தீம் மாறினால் திரும்பச் செய்ய வேண்டும்.

10. மொழியும் நேரமும்

ஆர்டர் பார்ப்பவர்களுக்குத் தமிழில் வேண்டும் என்றால், பொது செட்டிங்ஸில் தள மொழியை மாற்றாதீர்கள். அது வாடிக்கையாளர் பார்க்கும் வெளிப்பக்கத்தையும் மாற்றும். தமிழ் மொழிக் கோப்பை நிறுவிவிட்டு, அவரவர் ப்ரொஃபைலில் மொழியைத் தேர்ந்தெடுங்கள். 2016 டிசம்பரில் வந்த 4.7 முதல் இந்த வசதி உண்டு. தமிழாக்கம் இல்லாத ப்ளகின் வரிகள் ஆங்கிலத்திலேயே வரும். இதை முன்கூட்டியே க்ளையண்ட்டிடம் சொல்லிவிடுங்கள். தமிழில் மெனுப் பெயர்கள் நீளம், இடது மெனுவின் அகலம் 160 பிக்சல்தான். இரண்டு வரியாக மடியும்போது மேல் வரியின் கொக்கியும் கீழ் வரியின் விசிறியும் முட்டாமல் இருக்க வரி உயரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

நேர மண்டலத்தில் சென்னை இருக்காது. இந்தியாவுக்கு அந்தப் பட்டியலில் இருப்பது கொல்கத்தா மட்டும்தான், அதைத் தேர்ந்தெடுங்கள். யூடிசியிலேயே (உலகப் பொது நேரம்) விட்டுவிட்டால், காலை 10 மணிக்கு ஷெட்யூல் செய்த ஆடித் தள்ளுபடிப் பக்கம் பிற்பகல் 3.30-க்குத்தான் வெளியாகும்.

11. மின்னஞ்சல்

அட்மின் முழுக்க மெரூன் ஆனபிறகும், பாஸ்வேர்டு ரீசெட் மெயில் "வேர்ட்பிரஸ்" என்ற பெயரில்தான் போய்ச் சேரும். ஊழியர்கள் ஸ்பாம் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். டபிள்யூபி_மெயில்_ஃப்ரம்_நேம் ஃபில்டரில் கடைப் பெயர், டபிள்யூபி_மெயில்_ஃப்ரம் ஃபில்டரில் முகவரி.

முகவரி கடையின் சொந்த டொமைனில் இருக்க வேண்டும். முதலாளியின் ஜிமெயில் முகவரியை அங்கே போட்டால், ஜிமெயிலிடமிருந்து வராத மெயில் ஜிமெயில் பெயரில் வருகிறது என்று பெறும் பக்கம் சந்தேகப்படும். எஸ்பிஎஃப், டிகிம் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகள்) இரண்டையும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் சேர்த்து, எஸ்எம்டிபி (மெயில் சர்வர்) வழியாக அனுப்புங்கள். பிறகு ஒரு ரீசெட் மெயில் அனுப்பி, அது இன்பாக்ஸில் விழுகிறதா என்று பாருங்கள்.

12. சோதனையும் ஒப்படைப்பும்

உங்கள் அட்மின் கணக்கில் பார்த்துச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு சோதனைக் கணக்கு, தனித்தனி இன்காக்னிட்டோ ஜன்னல். பையனின் கணக்கில் ஒரு சேலையைச் சேர்த்து, படம் ஏற்றி, வகை டிக் போட்டு, வெளியிடுங்கள். பிறகு அதே கணக்கில் வூகாமர்ஸ் செட்டிங்ஸ் முகவரியை நேரடியாக அடித்துப் பாருங்கள். "அனுமதி இல்லை" என்று வர வேண்டும்.

போனிலும் பாருங்கள். கடைகளில் அட்மின் பெரும்பாலும் போனில்தான் திறக்கும். 782 பிக்சலுக்குக் கீழே அட்மினின் அமைப்பே மாறிவிடும்: மெனு ஒளிந்துகொள்ளும், டூல்பார் உயரம் கூடும். கணினியில் அழகாக இருந்த லோகோ அங்கே பட்டனை மறைக்கலாம்.

ஒப்படைக்கும்போது பிடிஎஃப் கையேடு கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். அவர்கள் திரையையே பதிவு செய்து, தமிழில் பேசி, வேலைக்கு ஒன்றாக இரண்டு நிமிட வீடியோக்கள் கொடுங்கள். லிங்க்கை டாஷ்போர்டுப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். எம்யூ-ப்ளகின் கோப்பின் தலையில் அது என்ன செய்கிறது, எதை மாற்ற எங்கே போக வேண்டும் என்று கமெண்ட் எழுதிவையுங்கள். ப்ளகின் அப்டேட் பட்டியலில் இந்தக் கோப்பு வராது. நாளை வேறொருவர் பராமரிக்க வந்தால் இது இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

வேர்ட்பிரஸ் பெரிய பதிப்பு ஒவ்வொன்று வரும்போதும் முதலில் ஸ்டேஜிங்கில் ஏற்றி லாகின் பக்கம், மெனு, ஒரு பட்டன், எடிட்டர் நான்கையும் பாருங்கள். சாஸ் கோப்பை அந்தப் பதிப்பிலிருந்து புதிதாக எடுத்து கம்பைல் செய்துவிட்டால் நிறம் தொடர்பான குறைகள் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த வேலைக்கும் பணம் உண்டு என்பதைக் கொட்டேஷனிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.

பராமரிப்பு உங்களிடம் இல்லையென்றால் சோதனைக் கணக்குகளையும் உங்கள் அட்மின் கணக்கையும் நீக்கிவிடுங்கள். நீக்கும் திரையில், பதிவுகளை வேறொருவர் பெயருக்கு மாற்றும் தேர்வைக் கவனித்து முதலாளியின் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். மற்ற தேர்வை அழுத்தினால் உங்கள் பெயரில் ஏற்றிய பக்கங்களும் படங்களும் கடையின் தளத்தைவிட்டு இறங்கிவிடும்.